கோழிக்கு டானிக் வாங்குறதுக்கு முன்னாடி தீவன மூட்டையைப் பிரிச்சுப் பாருங்க

கறிக்கோழிக்கு வைட்டமின் குடுக்கலாமா, எவ்ளோ குடுக்கலாம்னு வந்த கேள்விங்களை இந்த தடவை தனியா எடுத்து வச்சிட்டேன், கடலூர் புதுச்சேரி பக்கம் இருந்து வந்ததுதான் ஜாஸ்தி. பாதிப் பேரு "எந்த டானிக் நல்லது, பேரு சொல்லுங்க"ன்னு கேட்டிருக்கீங்க. பேரு சொல்ல மாட்டேன், அதுக்காக படிக்கிறவங்க இங்கயே நிறுத்திக்கலாம்.

நெல்லிக்குப்பம் வாசகர்: ஐயா வணக்கம், கம்பெனி கோழி வளக்குறேன், 4,000 கோழி ஷெட்டு. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் அவங்களே குடுத்துடுறாங்க. ஆனா இங்க மருந்துக்கடைக்காரர் முதல் மூணு நாள் பி காம்ப்ளக்ஸ், பத்தாம் நாள் ஏடி3ஈ (வைட்டமின் ஏ, டி3, ஈ மூணும் சேந்தது), அப்புறம் லிவர் டானிக், கடைசி வாரம் வெயிட்டுக்கு ஒண்ணுன்னு ஒரு சீட்டே எழுதிக் குடுத்துட்டார். எங்க சூப்பர்வைசர் தம்பி இதெல்லாம் வேஸ்ட்டுங்குறார். யார் சொல்றது சரிங்க?

சூப்பர்வைசர் சொல்றதுல முக்கால்வாசி சரிங்க. கம்பெனி தீவனத்துல வைட்டமின் பிரீமிக்ஸ், அதாவது பல வைட்டமினை முன்கூட்டியே சேத்து வச்ச பொடி, ஏற்கனவே கலந்துதான் வருது, அதுவும் கொஞ்ச நஞ்சமா இல்ல. அமெரிக்காவோட தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1994-ல போட்ட கணக்குப்படி ஒரு கிலோ கறிக்கோழி தீவனத்துல வைட்டமின் ஏ 1,500 ஐ.யு. (வைட்டமினை அளக்குற சர்வதேச அலகு), டி3 200 ஐ.யு., ஈ 10 ஐ.யு. இருந்தாலே குறைபாடு வராது. இன்னைக்கு கோழி இனம் உருவாக்குற கம்பெனிங்க குடுக்குற கைடைப் பாத்தீங்கன்னா ஏ 10,000-த்தைத் தாண்டி நிக்குது, டி3 5,000 பக்கம் போகுது. ஏன் இவ்ளோ தூக்கிப் போடுறாங்கன்னா அன்னைக்கு இருந்த கோழி வேற, இன்னைக்கு ஆறு வாரத்துல ரெண்டு கிலோவைத் தாண்டுற கோழி வேற, அதோட தீவனத்தை பெல்லட்டா, அதாவது சின்னச் சின்ன குச்சியா, அழுத்தி எடுக்கும்போது 80 டிகிரிக்கு மேல சூடாகுது, அதுல கொஞ்சம் போகும், குடோன்ல கிடக்கும்போது கொஞ்சம் போகும், உங்க ஷெட்டுல தகரக் கூரைக்கு கீழ கிடக்கும்போது இன்னும் கொஞ்சம் போகும், இதெல்லாம் போனதுக்கு அப்புறமும் கோழி வாய்க்குள்ள போறப்ப போதுமான அளவு இருக்கணும்னுதான் அந்த கணக்கு. ஆக நல்ல தீவனத்தை நல்லா தின்னுற கோழிக்கு மேல மேல ஊத்துற பி காம்ப்ளக்ஸ் எச்சத்துலதான் வெளிய வரும், உங்க லிட்டருக்குத்தான், அதாவது ஷெட்டுத் தரையில பரப்பின உமிக்குத்தான் சத்து.

மீதி கால்வாசிக்கு வர்றேன். தீவனத்துல எவ்ளோ போட்டாலும் கோழி தின்னாதானே உள்ள போகும்? கோழி தீவனம் எடுக்காத நாள்னு சில இருக்கு. ஹேச்சரில இருந்து வேன்ல ராத்திரி பூரா வந்த குஞ்சு, வேக்சின் போட்ட மறுநாள், சித்திரை வைகாசி வெயிலு, நோய் வந்து எந்திரிக்கிற நேரம். இந்த நேரத்துல தீவனம் பாதியா குறைஞ்சாலும் தண்ணி குடிக்கும், அதனால தண்ணி வழியா ரெண்டு மூணு நாள் குடுக்குறதுல நியாயம் இருக்கு. அதுக்கும் கம்பெனி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க, அவங்க ஷெட்யூல்லயே அது இருக்கும், நீங்க தனியா காசு போட வேண்டியதே இருக்காது. கடைசி வாரம் வெயிட்டுக்கு ஒரு டானிக்னு எழுதியிருக்காரே, அதை வாங்காதீங்க. கடைசி வாரத்துல வெயிட்டு ஏத்துறது தீவனமும் காத்தோட்டமும்தான்.

குடுக்குறதா இருந்தா எப்படி குடுக்குறதுன்னும் நிறைய பேருக்கு தெரியல. காலைல டேங்க்ல ஊத்தி விட்டுட்டு சாயங்காலம் வரைக்கும் அதையே ஓட விடுறாங்க. வைட்டமின் கலந்த தண்ணி ரெண்டு மூணு மணி நேரத்துல குடிச்சு முடிக்கிற அளவுதான் இருக்கணும், அதுக்கு மேல வெளிச்சமும் சூடும் அதைத் தின்னுடும். அப்புறம் பைப்பை கழுவி விடணும், இல்லன்னா டானிக்குல இருக்குற இனிப்புக்கு நிப்பிள் லைன் (கோழி கொத்திக் குடிக்கிற தண்ணி பைப்) உள்ள வழவழன்னு படலம் கட்டி கிருமிக்கு வீடாயிடும். இப்படி கழுவாம விட்டு, டானிக் குடுத்த பிறகுதான் கழிச்சல் வந்துச்சுன்னு சொல்ற பண்ணைங்களை நான் பாத்திருக்கேன்.

பாகூர் வாசகி: சார், நான் மகளிர் குழு லோன்ல 200 கறிக்கோழி வளக்குறேன். தீவனம் நானே கலக்குறேன், குருணை, தவிடு, கடலைப்புண்ணாக்கு, கொஞ்சம் மக்காச்சோளம். மூணு வாரத்துல பதினஞ்சு இருபது குஞ்சுக்கு கால் விரல் உள்பக்கமா மடங்கிக்கிச்சு, முட்டி போட்டுக்கிட்டே நகருது. ஆனா கண்ணு நல்லா இருக்கு, தீனியும் எடுக்குது. வாதமாங்க இது?

அம்மா, நீங்க எழுதியிருக்குறதைப் பாத்தா பி2 குறைபாடுதான், ரைபோஃப்ளேவின்னு சொல்லுவாங்க. விரல் ரெண்டு காலுலயும் உள்ள சுருண்டுக்கும், குஞ்சு தெம்பாவே இருக்கும், தீனிகிட்ட போக முடியாம போறதுனாலதான் அப்புறம் மெலிஞ்சு சாகும். மேரக்ஸ்ங்கற வைரஸ் நோயால வர்ற வாதம்னா பெரும்பாலும் இன்னும் வயசான கோழிக்கு வரும், ஒரு கால் முன்னாடி ஒரு கால் பின்னாடின்னு நீட்டிக்கிட்டு கிடக்கும். சந்தேகமா இருந்தா செத்த குஞ்சு ஒண்ணு ரெண்டை குரும்பாபேட்டுல இருக்குற ராஜீவ் காந்தி கால்நடை கல்லூரிக்கு எடுத்துட்டுப் போங்க, உங்களுக்கு தூரம் அதிகமில்ல, அறுத்துப் பாத்து சொல்லிடுவாங்க.

உடனே செய்ய வேண்டியது, பி2 இருக்குற பி காம்ப்ளக்ஸ் லிக்விடை லேபிள்ல போட்ட அளவுக்கு தண்ணில குடுங்க, நடக்க முடியாததை தனியா பிரிச்சு அது வாய்கிட்டயே தண்ணி தீனி வைங்க. இப்பதான் விரல் மடங்க ஆரம்பிச்ச குஞ்சு சீக்கிரமே எந்திரிச்சுடும். ரொம்ப நாளா சுருண்டு கிடக்குறது எந்திரிக்காது, நரம்பே கெட்டுப்போயிருக்கும், அதுக்கு மருந்து ஊத்தி காசை கரைக்காதீங்க.

இப்ப உங்க கலவைக்கு வருவோம். குருணைன்னா தவிடு போன அரிசிதானே, பி வைட்டமின் முக்கால்வாசி அந்த தவிட்டோடயே போயிடுச்சு. நீங்க தவிடு தனியா சேத்தாலும் பி2-வுக்கு அது பத்தல. இதைக் கண்டுபிடிச்சதே கோழியை வச்சுதாம்மா. 1890-கள்ல ஜாவா தீவு பட்டேவியாவுல கிறிஸ்டியான் ஐக்மான்னு ஒரு டச்சு டாக்டர், மனுஷங்களுக்கு வர்ற பெரிபெரி நோயை ஆராய்ச்சி பண்ண கோழி வளத்தார். அந்தக் கோழிக்கெல்லாம் திடீர்னு கால் இழுத்துக்கிச்சு, கொஞ்ச நாள்ல திடீர்னு சரியும் ஆயிடுச்சு. என்னடான்னு பாத்தா, மிலிட்டரி ஆஸ்பத்திரி கிச்சன்ல மிச்சமான வெள்ளை சோத்தை கோழிக்கு போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க, புதுசா வந்த சமையல்காரர் மிலிட்டரி சோத்தை சிவிலியன் கோழிக்கு குடுக்க மாட்டேன்னுட்டார், அப்புறம் தீட்டாத அரிசி போட்டதும் கோழி எந்திரிச்சுடுச்சு. அது பி1 குறைபாடு, உங்களோடது பி2, ஆனா கதை ஒண்ணுதான். அந்த வேலைக்காக 1929-ல அவருக்கு நோபல் பரிசு குடுத்தாங்க, சமையல்காரருக்கு ஒண்ணும் குடுக்கல.

அதுக்குன்னு குருணையை விட்டுடணும்னு சொல்லல, பாகூர்ல இருந்துக்கிட்டு குருணை போடாதீங்கன்னா யார் கேப்பாங்க. ஆனா கறிக்கோழி இனத்துக்கு பிரீமிக்ஸ் இல்லாம வீட்டுக் கலவை ஒத்து வராது, நாட்டுக்கோழின்னா கொல்லையில புல்லு பூச்சி மேஞ்சு சமாளிச்சுக்கும், இது ஷெட்டுல நீங்க போடுறதை மட்டுமே நம்பி இருக்கு. வைட்டமின் பிரீமிக்ஸ் ஒரு கிலோ பாக்கெட்டா கிடைக்குது. ஒரு டன்னுக்கு எவ்ளோன்னு பாக்கெட்டுலயே இருக்கும், 100 கிலோ கலக்குறீங்கன்னா அதுல பத்துல ஒரு பங்கு. அவ்ளோ கொஞ்சத்தை அப்படியே 100 கிலோ மேல தூவினா ஒரு கோழிக்கு அத்தனையும் போகும், இன்னொண்ணுக்கு ஒண்ணுமே போகாது. முதல்ல ஒரு கிலோ மக்காச்சோள மாவோட கலந்துக்கோங்க, அதை பத்து கிலோவோட கலங்க, அப்புறம்தான் மொத்தத்தோட. இன்னொண்ணு, கலந்த தீவனத்தை மாடியில வெயில்ல காய வைக்குற பழக்கம் இருந்தா இன்னையோட நிறுத்துங்க, பி2-வுக்கு வெளிச்சம்னா ஆகவே ஆகாது. கடலைப்புண்ணாக்கை காய வச்சு, பூசணம் இல்லாம பாத்து, அதுக்கப்புறம் பிரீமிக்ஸ் போடுங்க.

கடலூர் முதுநகர் வாசகர்: அண்ணே, நாங்க துறைமுகத்துகிட்ட இருக்கோம், மீன் கழிவு சும்மாவே கிடைக்குது. பச்சையாவே அரைச்சு கோழிக்கு போடுறோம், புரோட்டீன் தானே. சில கோழி கழுத்தை பின்னாடி மடக்கி வானத்தைப் பாத்துக்கிட்டே நிக்குது.

தம்பி, பச்சை மீனை நிறுத்துங்க. சில வகை மீனோட குடல், தலையில தயமினேஸ்னு ஒரு நொதி இருக்கு, அது பி1-ஐ உடைச்சுப் போட்டுடும். பி1 இல்லன்னா கழுத்து நரம்பு அப்படித்தான் பின்னாடி இழுக்கும். வேக வச்சா அந்த நொதி செத்துடும், அதனால நல்லா கொதிக்க வச்சு, ஆற வச்சு, மத்த தீவனத்தோட கொஞ்சமா கலந்து போடுங்க. இப்ப கழுத்து மடங்கின கோழிக்கு பி1 குடுத்தா வேகமா தெளியும், தெளியலன்னா அது ராணிகெட் நோயா (வெள்ளைக்கழிச்சல்) இருக்கலாம், அதுக்கும் கழுத்து திருகும், டாக்டரைப் பாருங்க, தள்ளிப் போடாதீங்க. விக்கிறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி மீனை மொத்தமா நிறுத்திடணும், இல்லன்னா கோழிக்கறியில கவிச்சி அடிக்குதுன்னு கடைக்காரர் திருப்பி அனுப்புவார்.

திட்டக்குடி வாசகர்: ரத்தக் கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் குடுத்தேன், கோழி சோர்ந்து போயிருக்கேன்னு அதே தண்ணில மல்டிவைட்டமினும் ஊத்தினேன். நாலு நாளாச்சு, கழிச்சல் நிக்கல சார். மருந்து டூப்ளிகேட்டா?

மருந்து மேல பழி போடாதீங்க சார். ஆம்ப்ரோலியம் பாக்குறதுக்கு அச்சு அசல் பி1 மாதிரியே இருக்குற ஒரு பொருள், ரத்தக் கழிச்சல் ஒட்டுண்ணி அதை பி1-னு நெனச்சு உள்ள எடுத்துக்கிட்டு ஏமாந்து போகுது, அதுதான் அந்த மருந்து வேலை செய்யுற விதமே. நீங்க பக்கத்துலயே நிஜ பி1-ஐ ஊத்துனா ஒட்டுண்ணி அதைக் குடிச்சுட்டு ஜாலியா இருக்கும். ஆம்ப்ரோலியம் ஓடுற வரைக்கும் பி1 இருக்குற எதையும் குடுக்காதீங்க, மல்டிவைட்டமின், பி காம்ப்ளக்ஸ் ரெண்டும் மருந்து முடிஞ்ச பிறகு. அந்த நேரத்துல உதவுறது வைட்டமின் கே-யும் ஏ-யும்தான். கே ரத்தம் உறையுறதுக்கு, ஏ கிழிஞ்சு போன குடல் சவ்வு திரும்ப வளர்றதுக்கு. இந்த கே-யும் கோழிக்குஞ்சுலதான் தெரிய வந்துச்சு, டென்மார்க்ல ஹென்ரிக் டாம்னு ஒருத்தர் கொழுப்பே இல்லாத தீனி குடுத்து குஞ்சு வளத்தப்ப அதுங்களுக்கு தோலுக்கு அடியில ரத்தம் கசிஞ்சதைப் பாத்தார், 1943 நோபல்ல அவருக்கும் பங்கு. ஆம்ப்ரோலியத்துக்கு பதிலா சல்ஃபா மருந்து குடுத்தா கே இன்னும் அவசியம், அந்த வகையில ஒண்ணான சல்ஃபாகுயினாக்சலின் கே-யை வேலை செய்ய விடாது.

இனிமே ரெண்டு மருந்தை ஒரே தண்ணில ஊத்துறதுக்கு முன்னாடி போன் போட்டுக் கேளுங்க. ஈரமான லிட்டரை அள்ளிப் போட்டீங்களா? கடிதத்துல அதைப் பத்தி ஒண்ணுமே இல்ல.

பண்ருட்டி வாசகர்: வெயில் காலத்துல கோழிக்கு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தண்ணில விட்டா வைட்டமின் சி கிடைக்கும்னு சொல்றாங்களே, 1,000 கோழிக்கு எத்தனை பழம் போடலாம்?

கணக்கு போட்டே பாத்துடலாம். வெயில் அடிக்கிற நாள்ல ஒரு கிலோ தீவனத்துக்கு 200 மில்லிகிராம் சி குடுங்கன்னு சொல்லுவாங்க. நாலு வாரம் தாண்டின 1,000 கோழி ஒரு நாளைக்கு சுமாரா 120 கிலோ தின்னும்னு வைங்க, அப்ப 24 கிராம் சி வேணும். ஒரு சின்ன எலுமிச்சம்பழ சாறுல 20 மில்லிகிராம் தேறுறதே கஷ்டம். 1,200 பழம் ஆச்சு. மார்க்கெட்டுல கோடையில எலுமிச்சம்பழம் விக்கிற விலைக்கு கோழியை வித்துட்டுதான் பழம் வாங்கணும்.

கோழிக்கு மனுஷன் மாதிரி இல்ல, சி அதோட கிட்னியிலேயே தயாராகுது, சாதாரண நாள்ல வெளிய இருந்து வேண்டாம். வெயில் உச்சத்துலதான் உள்ள தயாராகுறது பத்தாம போகுது. அப்ப அஸ்கார்பிக் ஆசிட் பவுடரா வாங்கி, எலக்ட்ரோலைட்டோட (உப்புச் சத்துப் பொடி) சேத்து விடியற்காலைல குடுங்க, கோழி மூச்சு வாங்க ஆரம்பிச்ச பிறகு மதியானம் ஓடி வந்து ஊத்துறதுல பிரயோஜனம் கம்மி. அன்னைக்கு தண்ணில குளோரின் போடாதீங்க, குளோரின் சி-யை அழிச்சுடும். நம்ம பக்கத்து போர் தண்ணில இரும்பு ஜாஸ்தி, துருப்பிடிச்ச டேங்க்னாலும் அதே கதைதான், பிளாஸ்டிக் டிரம்ல கலங்க. இதை விட பெரிய விஷயம், காலை பத்து பதினோரு மணில இருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் தீவனத்தை தூக்கிடுங்க, ஜீரணம் ஆகுற சூடு சேராது. கூரை மேல தென்னங்கீத்து போட்டு தண்ணி தெளிச்சீங்கன்னா எந்த பவுடரும் குடுக்காத பலன் அதுல கிடைக்கும்.

குறிஞ்சிப்பாடி வாசகர்: கால் தாங்கல ஐயா. வைட்டமின் டி குறைபாடுன்னு பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்னார், மெடிக்கல்ல மனுஷங்களுக்கு விக்கிற 60,000 ஐ.யு. பாக்கெட் வாங்கி கலந்துட்டேன், இன்னும் ரெண்டு டோஸ் போடலாமா?

வேண்டாம், இத்தோட விட்டுடுங்க. ஏ, டி, ஈ, கே நாலும் கொழுப்புல கரையுறது, பி மாதிரி வெளிய வந்துடாது, டி அளவுக்கு மீறினா கிட்னியில சுண்ணாம்பு படிஞ்சு கோழி சாகும். முதல்ல அது டி குறைபாடுதானான்னு பாருங்க, அலகை விரலால அழுத்துங்க, ரப்பர் மாதிரி வளையுதா? எலும்பு முறியாம வளையுதா? அப்படின்னா டி, கால்சியம், பாஸ்பரஸ் மூணுல ஏதோ ஒண்ணு தப்பு, மூணுல எதுன்னு தீவனத்தை டெஸ்ட் பண்ணாதான் தெரியும், நாமக்கல் கால்நடை கல்லூரி வளாகத்துல தீவன ஆய்வகம் இருக்கு, சாம்பிள் அனுப்பலாம். அலகு கெட்டியா இருந்தா வேற காரணத்தைத் தேடுங்க, மூட்டுல கிருமி, ஈரமான லிட்டர், ஆரம்பத்துல வேகமா ஏறின வெயிட்டு, தீவனத்துல பூஞ்சை நச்சு, கால் தாங்காததுக்கு காரணம் வரிசையா இருக்கு. நச்சு கல்லீரலைக் கெடுத்தா நல்ல தீவனத்துல இருக்குற டி-யும் உடம்புல சேராது, இது பல பேருக்கு தெரியாது. இன்னொரு விஷயம், டி வாங்கும்போது டி3-யான்னு பாருங்க, டி2 கோழிக்கு கிட்டத்தட்ட வீண்.

புவனகிரி வாசகர்: போன வருஷ பிரீமிக்ஸ் அரை மூட்டை இருக்கு, மழையில கொஞ்சம் நனைஞ்சுடுச்சு, காய வச்சு போடலாமா?

குழி தோண்டிப் புதைங்க. நனையாம இருந்தாலும் மினரலும் கோலின் குளோரைடுங்கற சத்தும் ஒண்ணா கலந்த மூட்டைன்னா ரெண்டு மூணு மாசத்துக்கு மேல வச்சு போடக் கூடாது, காப்பர், இரும்பு எல்லாம் வைட்டமினை உள்ளுக்குள்ளயே அரிச்சுடும். அடுத்த தடவை வைட்டமின் தனி, மினரல் தனின்னு வாங்குங்க, தீவனம் கலக்குற அன்னைக்கு சேத்துக்கலாம்.

வில்லியனூர் வாசகி: பண்ணை வைக்கல, சாப்பிடுறவ நான். வைட்டமின் ஊசி, ஹார்மோன் ஊசி போட்டுதான் கோழி நாப்பது நாள்ல பெருசாகுதுன்னு வாட்ஸ்அப்ல வருதே, புள்ளைங்களுக்கு குடுக்கவே பயமா இருக்கு.

4,000 கோழியைப் பிடிச்சு தினம் ஊசி போட யார் இருக்காங்கம்மா, ஆள் கூலிக்கே கோழி விலை போயிடும். வளர்ச்சி ஹார்மோன் புரோட்டீன்ங்கறதால தீவனத்துல குடுத்தாலும் வயித்துலயே ஜீரணமாயிடும். கோழி பெருசாகுறது பல தலைமுறையா பொறுக்கி எடுத்த இனத்துனாலயும் தீவனத்துனாலயும். வைட்டமின் கறியில சேந்தா உங்களுக்கு கெடுதல் இல்ல, ஈரல்ல மட்டும் ஏ ஜாஸ்தியா தங்கும், கர்ப்பமா இருக்குறவங்க தினமும் ஈரல் சாப்பிட வேண்டாம். நீங்க பயப்பட வேண்டியது ஆண்டிபயாட்டிக்கைப் பத்தி. டானிக், வளர்ச்சி பவுடர்னு பேரு வச்சு அதைக் கலந்து வித்த காலம் இருந்துச்சு, கொலிஸ்டின்ங்கற ஆண்டிபயாட்டிக்கை கறிக்கு வளக்குற பிராணிங்களுக்கு குடுக்கக் கூடாதுன்னு மத்திய அரசு 2019-ல தடையே போட்டுச்சு. பண்ணைக்காரங்களும் இதைப் படிக்கிறீங்கன்னு தெரியும், டானிக் பாட்டில்ல என்னென்ன இருக்குன்னு எழுதலன்னா அதை வாங்காதீங்க.

அரியாங்குப்பம் வாசகர்: கறிக்கோழிக்கு முருங்கைக்கீரை போட்டா பிரீமிக்ஸ் செலவு மிச்சமாகுமா?

மிச்சமாகாது. கீரையில ஏ-க்கு மூலமான கரோட்டின் நல்லாவே இருக்கு, கே இருக்கு, ஆனா பி12 எந்த இலையிலயும் கிடையாது, டி3-யும் கிடையாது. காய வச்ச இலைத்தூளை கொஞ்சமா சேத்துக்கலாம், நார் ஜாஸ்தியானா வெயிட்டு குறையும். தோலு கொஞ்சம் மஞ்சளா தெரியும், வாரச் சந்தையில அதுக்கு ஆள் இருக்காங்க.